கூலியாளாய்த் தொடங்கிய குடும்பத் தலைவர்

1944இல் சேலத்திலே நீதிக்கட்சியைத் திராவிடர் கழகமாக்கிய பெரியாரைப் போற்றுகிறோம். அவரைப் பெற்ற தந்தையை நினைத்தோமா?

ஈரோடு வெங்கட்ட நாயக்கர்! கல்தச்சர்களிடம் கூலியாளாய் நின்றவர். பிறகு வண்டி, பிறகு மளிகைக் கடை. மனைவி சின்னத்தாயம்மாளும் தோள் கொடுத்தார். கடை மண்டியாக வளர்ந்தது. சேலம் தாதம்பட்டி நாகம்மையார் மருமகளாய் வந்தார்.

தந்தையோ வைணவ பக்தர். மகனோ பக்தியைக் கேலி செய்தவர். 1904இல் மகன் வீட்டைத் துறந்து காசிக்குப் போனார். தந்தை என்ன செய்தார்? தலைமுழுகினாரா? இல்லை! ஏலூர் வரை தேடிச் சென்று அழைத்து வந்தார். மண்டியையே மகன் பெயருக்கு மாற்றினார். 1911இல் மறைந்தார்.

கொள்கை வேறென்று வீட்டுப் பெரியவரிடம் முகம் திருப்புகிறோமே, முறையா? நம் மேடையின் அடியிலே அந்தக் கூலியாளின் வியர்வை கிடக்கிறது. மறவோம்!