நிறம் போனது, உப்பு எங்கே போனது?

உருளைக்கிழங்குத் துண்டை அடர்ந்த உப்புக் கரைசலில் போட்டுவைத்தால் சற்று நேரத்தில் துவண்டுவிடும். செல்லுக்குள் இருக்கும் நீர், சவ்வைக் கடந்து உப்பு மிகுந்த பக்கம் செல்வதே காரணம். பள்ளியில் சவ்வூடு பரவல் பாடம் பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடுகிறது. கொங்கு நாட்டு மாணவர்களுக்கு இப்பாடத்தை நொய்யலைத் தவிர்த்து நடத்துவது முறையாகாது என்பது என் கருத்து.

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியே ஓடிக் காவிரியில் கலக்கும் ஆறு அது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் பல்லாண்டுகள் அதில் கலந்தது. கழிவு என்றதும் நம் கண்ணில் படுவது நிறம்தான். ஆனால், நிலத்தைக் கெடுத்ததில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த உப்புக்கு உண்டு.

சாயமிட உப்பு எதற்கு? நீரில் நனைந்த பருத்தி இழையின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் பெறுகிறது. அதற்கான சாய மூலக்கூறுகளும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. எனவே, இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். சோடியம் குளோரைடு அல்லது சோடியம் சல்பேட் கரையும்போது வெளிப்படும் சோடியம் அயனிகள் அந்த விலக்கத்தைத் தணித்து, சாயம் இழையை நெருங்க வழிவிடுகின்றன. வேலை முடிந்தபின் சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்போ நீரிலேயே நிற்கும்.

தொடக்ககாலச் சுத்திகரிப்பில் சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் சேர்த்து நிறத்தைப் படியவைத்தார்கள். நீர் தெளிந்தது, உப்பு குறையவில்லை. கரைந்த அயனிகளைச் சாதாரண வடிகட்டி பிடிக்காது. சாயத்தைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் உண்டு; சோடியம் ஒரு தனிமம் என்பதால், அதைச் சிதைத்து இல்லாமல் ஆக்கும் நுண்ணுயிரி கிடையாது. பாசனத்துக்காக 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் இந்த நீர் தேங்கியது. வெயிலில் நீர் ஆவியாக, உப்பின் செறிவு கூடியது.

உருளைக்கிழங்குக்கு நேர்ந்தது இனி வேருக்கு நேரும். மண்நீரில் உப்பு மிகும்போது வேர்செல்களால் நீரை உறிஞ்ச இயலாது. ஈரம் இருந்தும் பயிர் வாடும். மேலும், களிமண் துகள்களில் உள்ள கால்சியத்தின் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்வதால், மண் இறுகி நீர் இறங்காமல் போகும். அணை நீரே வேண்டாம் என்று உழவர்கள் சொல்லும் நிலை அப்படித்தான் வந்தது.

2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரைத் துளியும் வெளியேற்றக் கூடாது என்ற நிபந்தனையுடனே அவை மீண்டும் இயங்கத் தொடங்கின. அதற்குக் கைகொடுப்பது எதிர் சவ்வூடு பரவல்: உப்புநீரை அழுத்தத்துடன் சவ்வில் செலுத்தி, நல்ல நீரைப் பிரித்தெடுக்கும் முறை. எஞ்சும் அடர்கரைசலை ஆவியாக்கி உப்பை மீட்க வேண்டும். இயற்கையின் போக்குக்கு எதிராக நீரைத் தள்ள மின்சாரம் செலவாகும். அச்செலவை மிச்சப்படுத்த நினைப்பவர் எவரும் அதை ஆற்றின் தலையில்தான் கட்டுகிறார்.

குடிநீரில் கரைந்த திடப்பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டாதிருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். தம் ஊர்க் கிணற்று நீரை மாணவர்கள் அளந்து பார்க்கட்டும். கழிவுநீர் தெளிவாகிவிட்டது என்று நாளை யாரேனும் சொன்னால், உப்பு எங்கே போனது என்று அவர்கள் கேட்பார்கள்.