ஹாஜிகக் இரும்பும் இல்லாத பாதையும்

ஆப்கானிஸ்தான் பற்றிப் பேச்சு வந்தால் வகுப்பில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "சேர், அவ்வளவு இரும்பும் செம்பும் இருக்கெண்டா அந்த நாடு ஏன் ஏழையாவே கிடக்குது?" யுத்தம் என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். அது உண்மைதான்; ஆனால் முழு உண்மையல்ல. மலையும் பாதையும் சேர்ந்து சொல்லும் பதில் ஒன்றும் உண்டு.

காபூலுக்கு மேற்கே சுமார் 130 கிலோமீற்றரில், பாமியான் மாகாணத்தில் இருக்கிறது ஹாஜிகக். நம் பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர். ஹாஜிகக் மலைத்தொடரோ 4,000 மீற்றரை எட்டுகிறது. 1960களில் சோவியத் புவியியலாளர்கள் இங்கே விரிவாக ஆய்வு செய்தார்கள். சுமார் 180 கோடி தொன் இரும்புத் தாது இருப்பதாக மதிப்பீடு. 2011இல் இந்திய நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்றும் கனடிய நிறுவனம் ஒன்றும் அகழ்வுக்குத் தெரிவாகின. அகழ்வு தொடங்கவேயில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு ஒரு கோடி தொன் தாது வெட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். லொறிக்கு 25 தொன் என்றால் நான்கு இலட்சம் பயணங்கள். நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,100 லொறிகள். இரவு பகலாக எண்பது விநாடிக்கு ஒன்று இறங்க வேண்டும். அதே எண்ணிக்கை வெறுமனே ஏறவும் வேண்டும். பனி மூடும் கணவாய்ப் பாதையில் இது ஆகிற காரியமா? ரயில் என்றால் 3,000 தொன் ஏற்றும் வண்டிகள் நாளுக்கு ஒன்பது போதும். ஆனால் ரயில் செங்குத்தாக ஏறாது. மலையைச் சுற்ற வேண்டும், அல்லது குடைய வேண்டும். இரண்டுக்கும் பெரும் பணம் வேண்டும்.

பாதை போட்டாலும் சிக்கல் தீராது. ஆப்கானிஸ்தானுக்குக் கடல் இல்லை. வடக்கே மத்திய ஆசிய நாடுகளின் தண்டவாள அகலம் 1,520 மில்லிமீற்றர். மேற்கே ஈரானில் 1,435. பாகிஸ்தானில், நம் நாட்டைப் போலவே, 1,676. எந்த அகலத்தில் போடுவது என்பதே, எந்த அயலவரை நம்புவது என்ற கேள்வியாகிவிடுகிறது.

இந்தோனேசியாவின் பப்புவா மலைகளில் கிராஸ்பேர்க் சுரங்கம் வேறு வழி கண்டது. செம்புத் தாதைச் சுத்திகரித்து, நீரில் குழம்பாக்கி, நூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள துறைமுகத்துக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். அங்கே மழைக்குக் குறைவில்லை. ஹிந்துகுஷ் பள்ளத்தாக்குகளில் நீர் என்பது கமக்காரனின் உயிர்.

ஆனாலும் இதே நாட்டின் பதக்ஷான் மலையிலிருந்து நீலக்கல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வெளியே போய்க்கொண்டுதான் இருக்கிறது. பாரசீகர் அதை லாஜவர்த் என்றனர். பண்டைய ஈராக்கின் ஊர் நகரத்துக் கல்லறைகளிலும் எகிப்திய மன்னர் துட்டன்காமுனின் முகமூடியிலும் அந்தக் கல் பதிந்திருக்கிறது. கழுதை முதுகு போதுமாயிருந்தது. ஏனென்றால் ஒரு பொதியின் விலை முழுப் பயணச் செலவையும் தாங்கியது. இரும்புத் தாதின் கதை வேறு. அதன் பெறுமதி கல்லில் அல்ல, கனத்தில். கொண்டுபோகும் கூலி விலையை மிஞ்சினால், தாது வெறும் பாறைதான்.

இப்னு பதூதா இலங்கைக்கு வருமுன் ஹிந்துகுஷைக் கடந்தவர். குளிராலும் பனியாலும் இந்திய அடிமைகள் அங்கே மாண்டதால் அந்தப் பெயர் வந்தது என எழுதிவைத்தார். மனிதரைக் கொன்ற அந்தப் பனி இன்றும் அங்கேதான் விழுகிறது.

ஆகவே, ஒரு தேசத்தின் கனிய வளத்தைக் கோடி கோடி டொலராகக் காட்டும் செய்தியை வாசிக்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: அந்தத் தொகையில் பாதைக்கான செலவைக் கழித்தார்களா? கழிக்காத கணக்கு ஏழை நாட்டுக்கு நம்பிக்கையைக் கொடுக்கும், பாணைக் கொடுக்காது.