நடந்து போறவருக்கு எத்தனை பி.சி.யு.?

எங்கள் தெருமுனையில் ஒரு நான்கு வழிச் சாலை. அதற்கு எதிர்ப்பக்கம் ரொம்ப நாளாகச் சும்மா கிடந்த இடத்தில் வணிக வளாகம் வரப்போகிறது. 20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ கட்டுவதென்றால் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். ஆனால் கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது. நம்மால் முடிந்தது பரிவேஷ் தளத்தில் இருக்கும் பி.டி.எஃப்-ஐ இறக்கிப் படிப்பதுதான். படிச்சேன். போக்குவரத்து அத்தியாயத்தை இரண்டு தடவை படிச்சேன்.

இந்த மாதிரி அறிக்கையில் கணக்கு எப்படிப் போகும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

இப்போது சாலையில் போகிற வண்டிகளை எண்ணுவார்கள். பைக்கும் பஸ்ஸும் ஒரே அளவு இடத்தை அடைப்பதில்லை. அதனால் எல்லாவற்றையும் பி.சி.யு. என்ற ஒரே அலகுக்கு மாற்றுவார்கள். கார் என்றால் 1. இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 106 (1990) விதிப்படி பைக் 0.5 அல்லது 0.75, பஸ் 2.2 அல்லது 3.7. வளாகம் வந்தால் உச்ச நேரத்தில் எத்தனை வண்டி கூடும் என்று கணித்து இதோடு சேர்ப்பார்கள். வருகிற தொகையைச் சாலையின் அளவோடு ஒப்பிடுவார்கள். நடுவே தடுப்பு உள்ள நான்கு வழிப் பிரதான சாலைக்கு மணிக்கு 3,600 பி.சி.யு., ஆறு வழிக்கு 5,400. அதற்குள் இருந்தால் பரவாயில்லை. தாண்டினால் 'தணிப்பு நடவடிக்கை' எழுத வேண்டும்.

சரி, நடந்து போறவருக்கு எத்தனை பி.சி.யு.? அட்டவணையில் அப்படி ஒரு வரிசையே இல்லை. சைக்கிளுக்குக்கூட 0.4 உண்டு, காலுக்குக் கிடையாது. வளாகத்தில் வேலைக்கு வரப்போகும் காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள், கடைகளில் நிற்கும் பெண்கள் என்று பெரும்பாலோர் பஸ்ஸில்தான் வருவார்கள். பஸ் நிறுத்தம் எங்கள் பக்கம். பஸ் கணக்கில் வருகிறது. அதிலிருந்து இறங்கி ரோட்டைக் கடக்கிறவர் கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறார்.

தணிப்பு நடவடிக்கை என்று வழக்கமாக எழுதுவது சாலையை அகலப்படுத்துவதும் இடது பக்கம் நிற்காமல் திரும்ப வழி விடுவதும்தான். ஒரு தடம் 3.5 மீட்டர் என்றால் நான்கு தடம் 14 மீட்டர், ஆறு தடம் 21 மீட்டர். விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடந்தால் 12 விநாடிக்குள் முடிகிற கடத்தல் 17.5 விநாடி ஆகிறது. என் அம்மாவுக்கு 72 வயது. வீட்டு வராந்தாவில் 10 மீட்டர் நடக்கச் சொல்லி மொபைலில் நேரம் பார்த்தேன், 12.5 விநாடி. அதாவது விநாடிக்கு 0.8 மீட்டர். அவருக்கு 21 மீட்டர் என்பது 26 விநாடி. வண்டிக்கு நல்லதாகிற அதே மாற்றத்தில் அவர் ரோட்டில் நிற்கும் நேரம் கூடுகிறது. வேகம் கூடினால் இன்னும் மோசம். சராசரி வேகம் 1% ஏறினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு சுமார் 4% ஏறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

நடப்பவரை எண்ணும் விதி நம்மிடம் இல்லாமல் இல்லை. ஐ.ஆர்.சி. 103-ல் ஓர் எளிய சூத்திரம் இருக்கிறது. உச்ச நேரத்தில் மணிக்குக் கடப்பவர்கள் பி, வண்டிகள் வி. வி-யை வர்க்கமாக்கி பி-யால் பெருக்க வேண்டும். நடுத்தடுப்பு உள்ள சாலையில் விடை 20 கோடியைத் தாண்டினால் முறையான கடவை தேவை. உதாரணமாக, மணிக்கு 2,000 வண்டி போகிறது என்றால் 50 பேர் கடந்தால் அந்த எல்லை வந்துவிடும். வளாகம் வந்து வண்டிகள் 3,000 ஆனால் 23 பேரே போதும். ஒரு பஸ்ஸில் இறங்குகிற கூட்டம் அது!

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பி என்பது இன்று கடக்கிறவர்களின் எண்ணிக்கை. பயந்து கடக்காமல் இருக்கும் என் அம்மா அதில் இல்லை. நாளைக்கு வளாகத்துக்கு வரப்போகிறவர்களும் இல்லை. வண்டிக்கு மட்டும் எதிர்காலத்தைக் கணித்துவிட்டு, காலுக்கு இன்றைய நிலவரத்தோடு நிறுத்திக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

எதை அளப்பது என்ற இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. கலிஃபோர்னியா 2013-ல் ஒரு சட்டம் போட்டது. அதன்படி 2020 ஜூலையிலிருந்து, வண்டிகள் சந்திப்பில் காத்திருக்கும் நேரத்தை அங்கே சுற்றுச்சூழல் பாதிப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. அந்தத் திட்டத்தால் வண்டிகள் ஓடும் மொத்தத் தூரம் எவ்வளவு கூடும் என்றுதான் பார்க்கிறார்கள். அளவுகோலை மாற்றினால் பரிந்துரையும் மாறும்.

நான் அதிகாரிகளுக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். கேட்டது மூன்றே விஷயம். பஸ் நிறுத்தத்துக்கும் வளாக வாசலுக்கும் இடையே எத்தனை பேர் நடப்பார்கள் என்ற கணிப்பு. ஐ.ஆர்.சி. 103 கணக்கு, வளாகம் வந்த பிறகான எண்களோடு. படி ஏறாமல் தரையிலேயே கடக்க ஒரு சிக்னல், 0.8 மீட்டர் வேகத்துக்குப் பச்சை விளக்கு.

உங்கள் ஏரியாவிலும் இப்படி ஓர் அறிக்கை இருந்தால், முதலில் பி.சி.யு. அட்டவணையைத் திறங்கள். அதில் இல்லாதவர்கள் யார் என்று பாருங்கள்.