46 நிறமூர்த்தங்களைப் பங்கிடும் விசை
கலப்பிரிவின் கணக்கைச் சரிபார்க்கும் கணனி

மனித உடல் ஒரேயொரு கலத்திலிருந்து தொடங்குகின்றது. அந்த ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பல இலட்சம் கோடிக் கலங்களாகப் பெருகுகின்றது. நாம் வளர்ந்த பின்னரும் இப்பணி ஓய்வதில்லை. என்பு மச்சையிலும் குடலின் உட்சுவரிலும் மயிர்க்கால்களிலும் கலங்கள் ஒவ்வொரு கணமும் பிரிந்த வண்ணமே உள்ளன.

ஒவ்வொரு பிரிவின்போதும் கலம் ஒரு பங்கீட்டை நடத்த வேண்டியுள்ளது. பரம்பரைச் செய்திகளைத் தாங்கிய 46 நிறமூர்த்தங்களும் முதலில் பிரதி செய்யப்படுகின்றன. பின்னர் மூலமும் பிரதியுமாக ஒட்டியிருக்கும் ஒவ்வொரு சோடியும் பிரிக்கப்பட்டு, ஒன்று இப்பக்கமும் மற்றையது அப்பக்கமுமாக இழுக்கப்படுகின்றது. இதில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் விளைவு பாரதூரமானது. முட்டையோ விந்தோ உருவாகும் வேளையில் நேரும் இத்தகைய பிழையினாலேயே 21ஆம் நிறமூர்த்தம் மூன்றாகி, டவுண் நோய்க்குறி ஏற்படுகின்றது. கருச்சிதைவுகள் பலவற்றுக்கும் இதுவே காரணம். பெரும்பாலான புற்றுநோய்க் கட்டிகளிலும் நிறமூர்த்த எண்ணிக்கை குழம்பியிருப்பதைக் காணலாம்.

இழுப்பது எது?

ஜேர்மனிய விஞ்ஞானி வால்ற்றர் பிளெமிங், சலமந்தர் என்னும் ஈரூடகவாழ் உயிரினத்தின் கலங்களை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, கலப்பிரிவின் படிகளை 1882இல் நூலாக வெளியிட்டார். நிறமூர்த்தங்கள் நகர்வதை அவர் கண்டார். ஆனால் அவற்றை நகர்த்தும் விசை எது என்ற வினா அடுத்த நூற்றாண்டுக்கும் எஞ்சி நின்றது.

பிரியும் கலத்தினுள், நூல் நூற்கும் கதிர் போன்றதோர் அமைப்புத் தோன்றுகின்றது. அதன் இரு முனைகளிலிருந்தும் புரதத்தாலான நுண்குழாய்கள் வளர்கின்றன. அவற்றில் 40,000 குழாய்களைப் பக்கம் பக்கமாக அடுக்கினாற்றான் ஒரு மில்லிமீற்றர் அகலம் வரும். இக்குழாய்கள் நிலையானவையல்ல. வளர்ந்துகொண்டிருக்கும் குழாய் திடீரெனக் கரைந்து சுருங்கும்; மீண்டும் வளரும். இவ்வியல்பை 1984இல் ரிம் மிற்சிசன், மார்க் கிர்ஷ்னர் என்னும் இருவரும் வெளிப்படுத்தினர்.

இதற்கு ஓராண்டு முன்னர், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூஸ் நிக்லஸ் வியப்புக்குரிய பரிசோதனை ஒன்றைச் செய்திருந்தார். வெட்டுக்கிளியின் கலத்தினுள் நகர்ந்துகொண்டிருந்த நிறமூர்த்தத்தை மிக மெல்லிய கண்ணாடி ஊசியினால் தடுத்து, ஊசி வளைந்த அளவைக்கொண்டு விசையைக் கணித்தார். நிறமூர்த்தத்தைத் தடுத்து நிறுத்த ஏறத்தாழ 700 பிக்கோநியூற்றன் விசை தேவைப்பட்டது. சிறிய அப்பிள் பழமொன்றின் எடை ஏறத்தாழ ஒரு நியூற்றன். அதன் இலட்சம் கோடியில் ஒரு பங்கே ஒரு பிக்கோநியூற்றன். ஆயினும் கலத்தின் திரவத்தினூடாக நிறமூர்த்தத்தை நகர்த்துவதற்கு 0.1 பிக்கோநியூற்றன் போதுமெனக் கணக்குக் கூறியது. தேவையைப் போலப் பல ஆயிரம் மடங்கு வலு கலத்தின் கையில் இருக்கின்றது! அவ்வாறாயின் நிறமூர்த்தம் ஏன் பாய்ந்து செல்லாமல் மெல்ல ஊர்கின்றது? குழாய்கள் கரையும் வேகமே நிறமூர்த்தத்தின் வேகத்துக்குக் கடிவாளமாகின்றது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கமாகும்.

கணனி சொன்ன தீர்ப்பு

நுண்குழாய்கள் நிறமூர்த்தங்களை எவ்வாறு கண்டுபிடிக்கின்றன? இருட்டறையில் கைகளால் துழாவும் ஒருவரைப் போல, குழாய்கள் எல்லாத் திசைகளிலும் வளர்ந்தும் சுருங்கியும் தற்செயலாகவே நிறமூர்த்தத்தைத் தொட்டுப் பற்றிக்கொள்கின்றன என்று 1986இல் கருத்து முன்வைக்கப்பட்டது. கேட்பதற்குப் பொருத்தமான விளக்கந்தான். ஆனால் கிடைக்கும் நேரத்துக்குள் அது நடந்து முடியுமா?

இதனைக் கணனியிற் சோதித்தவர்கள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் மொகில்னரும் அவருடைய சகாக்களும் ஆவர். குழாய் வளரும் வேகம், சுருங்கும் வேகம், கலத்தின் அளவு ஆகியவற்றைக் கணனிக்குக் கொடுத்து, மாதிரிக் கலம் ஒன்றை மீண்டும் மீண்டும் இயங்கவிட்டனர். 2005இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. முற்றிலும் தற்செயலான தேடலாயின் 46 நிறமூர்த்தங்களையும் பிடிப்பதற்குப் பல மணித்தியாலங்கள் செல்லும். உண்மைக் கலமோ அதனைச் சில பத்து நிமிடங்களுக்குள் முடித்துவிடுகின்றது. நிறமூர்த்தங்களின் அருகில் குழாய்கள் கரையாது காக்கும் இரசாயனச் சூழல் ஒன்று உண்டெனக் கருதியபோது மாத்திரமே கணக்கு நேரத்தோடு ஒத்துவந்தது. அத்தகைய சூழல் இருப்பதற்குப் பரிசோதனைச் சான்றுகள் ஏற்கெனவே கிடைத்திருந்தன. அது வெறும் துணையன்று, இன்றியமையாதது என்பதைக் கணனி உணர்த்தியது.

2009இல் வெளியான அடுத்த ஆய்வில் பிழைகளும் கணக்கில் எடுக்கப்பட்டன. நிறமூர்த்தங்கள் நகர்ந்தும் சுழன்றும் கொடுத்தால், பங்கீட்டின் திருத்தம் கெடாமலே வேலை விரைவுபடும் என அது காட்டியது. கணனி பரிசோதனைக்கு மாற்றீடாகாது. சொல்லளவிற் சரியாகத் தோன்றும் விளக்கம் எண்ணளவிலும் சரிதானா என்று கேட்கும் கணக்காய்வாளரின் பணியையே அது செய்கின்றது.

மருந்தும் இதே குழாயில்

இவ்வாராய்ச்சி ஆய்வுகூடத்தோடு நின்றுவிடுவதன்று. நம் ஊர் முற்றங்களிற் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வின்பிளாஸ்ரின் என்னும் மருந்தை 1958இல் பிரித்தெடுத்தவர்கள், கனடாவின் லண்டன் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தின் ரொபேர்ட் நோபிள், சார்ள்ஸ் பியர் ஆகியோர். ஜமேக்காவிலிருந்து வந்த அதன் இலைகளில் நீரிழிவுக்கு மருந்து தேடியவர்களுக்குப் புற்றுநோய் மருந்து கிட்டியது. வின்பிளாஸ்ரின் நுண்குழாய்களை உருவாகவிடாது தடுக்கின்றது. யூ மரப்பட்டையிலிருந்து கிடைத்த ரக்சோல் அதற்கு நேர்மாறாக, உருவான குழாய்களைக் கரையவிடாது தடுக்கின்றது. இரண்டின் விளைவும் ஒன்றே: கலப்பிரிவு தடைப்படுகின்றது. குழாய் வளரவும் வேண்டும், கரையவும் வேண்டும். அல்லாவிடில் இழுவிசை இல்லை.

இம்மருந்துகளைப் பெறுவோருக்குக் கைகால் விறைப்பு ஏற்படுவதும் இதனாலேயே. நரம்புக் கலங்கள் பிரிவதில்லை. எனினும் தம் நீண்ட இழைகள் நெடுகப் பொருள்களை எடுத்துச் செல்ல அதே நுண்குழாய்களையே நம்பியுள்ளன. புகலிட நாட்டின் மொழி தெரியாதென்ற தயக்கத்தால் விறைப்பை மறைத்தல் ஆகாது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மூலமாவது மருத்துவரிடம் கூறிவிட வேண்டும். தேவைப்படின் அவர் மருந்தின் அளவை மாற்றக்கூடும்.

நரம்புகளைத் தொடாமல் கலப்பிரிவை மட்டும் நிறுத்துவதற்காக, கதிர் அமைப்பின் இரு முனைகளையும் விலக்கித் தள்ளும் இயக்கிப் புரதத்தைத் தடுக்கும் சேர்வை ஒன்று 1999இல் அறிவிக்கப்பட்டது. அவ்வழியில் உருவான மருந்துகள் நோயாளரிடம் சோதிக்கப்பட்டபோது எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. கலத்தினுள் ஒரு விசையைத் தடுத்தால் ஏனைய விசைகள் எவ்வாறு ஈடுசெய்யும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடிந்தால், அடுத்த மருந்தைத் தேடுவோரின் வழி சுருங்கும். கணனி முன் அமர்ந்திருக்கும் கணித அறிஞர்களிடம் மருத்துவ உலகம் எதிர்பார்ப்பது அந்தக் கணிப்பையே.