நீர்மூழ்குவோரின் ரெகுலேட்டரும் அதன் பராமரிப்பும்

சமையல் வாயு உருளையின் தலையில் பொருத்தப்படும் ரெகுலேட்டரை யாவரும் அறிவர். உருளையினுள் மிகுந்த அழுத்தத்தில் உள்ள வாயுவைக் குறைந்த அழுத்தத்தில் அடுப்புக்கு அனுப்புவதே அதன் பணி. காற்று உருளையை முதுகில் சுமந்து கடலில் மூழ்குவோர் பயன்படுத்தும் ஸ்கூபா ரெகுலேட்டரும் அதே இனத்தைச் சேர்ந்ததே. எனினும் இரண்டிற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அடுப்புக்கு எப்போதும் ஒரே அழுத்தம் போதும். மூழ்குபவருக்கோ, அவர் இருக்கும் ஆழத்திற்கு ஏற்ற அழுத்தத்தில், அவர் மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்று கிடைத்தல் வேண்டும்.

கடலில் 10 மீட்டர் இறங்குந்தோறும் நீரின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. 30 மீட்டர் ஆழத்தில் உடலைச் சூழ்ந்துள்ள மொத்த அழுத்தம் நீர்மட்டத்தில் உள்ளதைப் போல் நான்கு மடங்காகும். சுவாசிக்கும் காற்றும் அதே அழுத்தத்தில் இருந்தாலன்றி மார்புத் தசைகளால் நுரையீரலை விரிக்க இயலாது.

தோற்றம்

இத்தேவையை நிறைவேற்றும் கருவியைப் பிரான்சு நாட்டுச் சுரங்கப் பொறியாளர் பெனுவா ருக்கேரோலும் கடற்படை அதிகாரி ஓகுஸ்த் தெனேரூஸும் 1860-களிலேயே உருவாக்கினர். இன்றைய ஸ்கூபாவின் நேரடி முன்னோடி 1943-இல் தோன்றியது. போர்க்காலத்தில் பெட்ரோல் அரிதாகிவிடவே, மோட்டார் வண்டிகளை வாயுவினால் ஓட்டுவதற்கு எமில் கான்யான் என்ற பொறியாளர் ஒரு வால்வை அமைத்திருந்தார். கடற்படை அதிகாரியான ழாக் கூஸ்தோவும் அவரும் சேர்ந்து அதனை நீரடிச் சுவாசத்திற்கு ஏற்றவாறு மாற்றினர்.

இரு நிலைகள்

இக்காலக் கருவியில் அழுத்தம் இரு நிலைகளில் குறைக்கப்படுகிறது. நிரம்பிய உருளையில் காற்று ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் இருக்கும். ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தமாகும். உருளையின் தலையில் பொருந்தும் முதல் நிலை, இக்காற்றைச் சுற்றுநீரின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 9 அல்லது 10 பார் மட்டுமே கூடுதலாக இருக்குமாறு குறைக்கிறது. இதனை இடை அழுத்தம் என்பர். பிஸ்டன் வகைக் கருவியில், ஒரு புறம் சுருள்வில்லும் சுற்றுநீரும் சேர்ந்து பிஸ்டனைத் திறக்கும் திசையில் தள்ளுகின்றன. மறுபுறம் இடை அழுத்தம் அதை மூடும் திசையில் தள்ளுகிறது. குறித்த அளவை எட்டியதும் பிஸ்டனின் விளிம்பு மிருதுவான அடைப்புத் தட்டில் பதிந்து காற்றை நிறுத்திவிடும்.

வாயில் கவ்வப்படும் இரண்டாம் நிலையில் மெல்லிய ரப்பர்ச் சவ்வு ஒன்று உண்டு. மூச்சை இழுத்ததும் சவ்வு உட்குழிந்து ஒரு நெம்புகோலை அழுத்த, வால்வு திறந்து காற்று வருகிறது. இந்த வால்வு பெரும்பாலும் காற்றோட்டத்தின் திசையிலேயே திறக்கும்படி அமைக்கப்படுகிறது. ஆகவே முதல் நிலை பழுதுற்று இடை அழுத்தம் மிகுந்தால், வால்வு தானே திறந்து காற்று ஓயாது வெளியேறும். உருளை விரைவில் தீரும் என்பது உண்மையே. ஆனால் காற்று சட்டென அடைபடுவதில்லை.

தேய்வும் படிவும்

கருவியைக் கெடுப்பவை முக்கியமாக மூன்று. உலர்ந்த உப்பும் பச்சை நிறச் செம்புக் களிம்பும் நகரும் பாகங்களைப் பற்றிக்கொள்கின்றன. ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையங்கள் நாளடைவில் இறுகித் தட்டையாகின்றன. அடைப்புத் தட்டில் விளிம்பு பதிந்து பதிந்து பள்ளம் விழுகிறது. ஒவ்வொரு முறை மூழ்கிய பின்னரும், முதல் நிலையின் வாயை மூடியால் நன்கு அடைத்து, நன்னீரில் ஊறவைத்துக் கழுவினால் முதற்கேட்டைப் பெரிதும் தவிர்க்கலாம். அழுத்தம் இல்லாத நிலையில் ஊறும்போது இரண்டாம் நிலையின் பொத்தானை அழுத்தலாகாது. அழுத்தினால் நீர் குழாயினுள் புகும்.

பிரிக்கும் முன் அளத்தல்

பராமரிப்பு என்பது பாகங்களை மாற்றுவது மட்டுமன்று. முதலில் அளப்பதே ஆகும். மூன்று சோதனைகள் எளியவை.

முதலாவது, உருளையில் பொருத்தாமல், மூடியை இறுக்கி, வாய்ப்பகுதியில் மூச்சை இழுத்தல். சிறிதளவேனும் காற்று வந்தால் சவ்விலோ வெளிமூச்சு வால்விலோ கசிவு உள்ளது.

இரண்டாவது, கருவியை உருளையில் பொருத்திக் காற்றைத் திறந்து, இரண்டாம் நிலையை வாய்ப்பகுதி மேல்நோக்கி இருக்குமாறு நீர்ப் பாத்திரத்தில் மெல்ல இறக்குதல். சவ்வு ஏறத்தாழ 2.5 முதல் 4 சென்டிமீட்டர் ஆழம் சென்றதும் சீறல் ஒலி எழுவது நலம். மேலும் ஆழம் தேவைப்பட்டால் மூச்சிழுத்தல் கடினமாகும். நீர் பட்டதுமே சீறினால் வால்வு அளவுக்கு மீறி இளகியுள்ளது.

மூன்றாவது, மிதவை உடுப்பின் குழாயில் அழுத்தமானியை இணைத்து இடை அழுத்தத்தை நோக்குதல். முள் ஓரிடத்தில் நிலைத்து நிற்க வேண்டும். நில்லாமல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருந்தால், அடைப்புத் தட்டோ அதில் பதியும் விளிம்போ பழுதுற்றுள்ளது. மிகும் அழுத்தத்தை வெளியேற்றும் வழி இரண்டாம் நிலையே ஆதலால், அதனைக் கழற்றிவிட்டு இச்சோதனையைச் செய்தல் கூடாது.

பிரித்தலும் தூய்மை செய்தலும்

உருளையிலிருந்து விடுவித்து, உள்ளிருக்கும் காற்று முழுவதையும் வெளியேற்றிய பின்னரே கருவியைத் திறக்க வேண்டும். ஓ-ரிங்குகளை எடுக்க எஃகு ஊசி ஆகாது. அது பித்தளைப் பள்ளத்தில் கீறலை உண்டாக்கும். பித்தளையாலோ பிளாஸ்டிக்காலோ ஆன முனையே தக்கது. குரோமியப் பூச்சுள்ள பித்தளைப் பாகங்களை, நீர் கலந்த வெள்ளை வினிகரில் சில நிமிடங்கள் இட்டுக் களிம்பை நீக்கலாம். நெடுநேரம் இட்டால் பூச்சு கெடும். அலுமினியப் பாகங்களை இதில் இடவே கூடாது. பின்னர் ஆப்பச் சோடா கரைத்த நீரிலும் நன்னீரிலும் அலசி உலர்த்த வேண்டும். அடைப்புத் தட்டில் பதியும் விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குதல் இன்றியமையாதது. மயிரிழை போன்ற வடு இருப்பினும், புதிய தட்டுக்கூடக் கசியும்.

புதிய ஓ-ரிங்குகளுக்கு சிலிக்கோன் மசகை மிக மெல்லியதாகப் பூசினால் போதும். பிராணவாயு மிகுந்த கலவைக்குப் பயன்படும் கருவியில் இம்மசகு தீப்பற்றக்கூடும் ஆதலால், அதற்கென உள்ள தனி மசகையே உபயோகித்தல் வேண்டும்.

மீண்டும் பொருத்திய பின்

நன்கு இயங்கிவந்த கருவி பழுது பார்த்த பின்னர் கெட்டுப்போவதும் உண்டு. தலைகீழாக வைத்த ஒரு வளையமோ, குறையத் திருகிய ஒரு மரையோ அதற்குப் போதும். ஆகையால் மூன்று சோதனைகளையும் மீண்டும் செய்து, அளவுகளைத் தேதியுடன் குறித்து, முதலில் ஆழமற்ற நீரில் மட்டுமே கருவியைப் பயன்படுத்துதல் வேண்டும்.

அந்தந்த மாதிரிக்குரிய கையேடு, உரிய உதிரிப் பாகங்கள், அழுத்தமானி ஆகிய மூன்றும் இல்லாதோர் கருவியைப் பிரிக்கலாகாது. பயிற்சி பெற்ற வினைஞரிடமே ஒப்படைக்க வேண்டும். எனினும் பழுது பார்க்கும் நிலையம் தொலைவில் உள்ள தீவுகளில் பணிபுரியும் ஆய்வுக்குழுவினர், பிரிக்காமலே செய்யத்தக்க இச்சோதனைகளைக் கற்றிருத்தல் அவசியம். கருவியை எப்போது நீரில் இறக்கலாகாது என்பதை அவை அறிவிக்கும். நீர்ப் பாத்திரச் சோதனை ஆசிரியர்களுக்கும் உதவும். ஆழம் கூடினால் அழுத்தம் கூடும் என்ற விதியை, ஒரு சீறல் ஒலியின் மூலம் மாணவர்கள் காதாலேயே கேட்டறியலாம்.