சாலையைக் கடக்க ஏழு விநாடி

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர். திருமங்கலத்தில் பிரிந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744-இல் இது ஒரு துண்டு. கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லாரி, தென்காசி பஸ், மம்சாபுரம் மினி பஸ், ஷேர் ஆட்டோ, தேங்காய் மூட்டை கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல், சைக்கிளில் பள்ளிப் பிள்ளைகள், ஷிப்டு முடிந்து சாப்பாட்டுக் கூடையோடு நடக்கும் பஞ்சாலைப் பெண்கள் என்று எல்லாரும் இதில்தான் போகிறார்கள். ஆடி பிறந்தால் ஆண்டாள் தேருக்கும் சதுரகிரிக்கும் இருக்கன்குடிக்கும் போகிற கூட்டம் வேறு. நடப்பவருக்கென்று தனியாக இடம் கிடையாது. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மண்ணும் கல்லுமாகக் கிடக்கிற ஓரம்தான் அவருடைய பாதை. அங்கேயும் ஒரு தள்ளுவண்டியோ நிறுத்தி வைத்த ஆட்டோவோ இருந்தால், அவர் தாரில் ஏறித்தான் நடக்கவேண்டும்.

இந்தக் கூட்டத்துக்குள் சைலன்சரை மாற்றிய ஒரு பைக் சர்ரென்று பாய்கிறது. பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் புகுந்து, எதிரே வருபவரை ஓரத்துக்கு ஒதுக்கி, முக்குத் திரும்பி மறைகிறது. ஓட்டுகிறவருக்கு இருபது வயது இருக்கலாம், பதினாறும் இருக்கலாம். டீக்கடையில் நிற்கிறவர்கள் வழக்கமாகச் சொல்வது ஒன்றுதான்: “எங்கயாவது போயி விழப்போறான்.” அந்தப் பேச்சிலேயே ஒரு பிழை இருக்கிறது. விழுகிறவன் அவன் மட்டும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

பைக் விபத்து என்றாலே நாம் ஹெல்மெட்டைப் பற்றிப் பேசுகிறோம். பேசவேண்டியதுதான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஆனால் அதே கணக்கில் 32,825 பேர் வெறுமனே நடந்துபோனவர்கள், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அந்த ஆண்டு 64,105 விபத்துகளோடு, விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு. இறந்தவர் 17,884 பேர். அதில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். நாடு முழுக்க நடந்த சாவுகளில் பத்தில் ஏழுக்கு அதிவேகம் காரணம் என்று அதே அறிக்கை சொல்கிறது. ஹெல்மெட் ஓட்டுகிறவரின் தலையைக் காக்கும். அவர் இடிக்கப்போகிறவரைக் காப்பதற்கு ஒரே வழி, அவர் வலது கை ஆக்சிலேட்டரை முறுக்காமல் இருப்பதுதான்.

இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். இருவழிச் சாலையின் அகலம் 7 மீட்டர். முழங்கால் வலியுள்ள ஒரு பாட்டி விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நடப்பார். அக்கரை சேர ஏழு விநாடி. 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பைக் அந்த ஏழு விநாடியில் ஏறக்குறைய 78 மீட்டர் வரும். 80-இல் வந்தால் 156 மீட்டர். பாட்டி காலை எடுத்து வைக்குமுன் வலப்பக்கம் பார்க்கிறார். 150 மீட்டர் தள்ளி ஒரு பைக் சின்னதாகத் தெரிகிறது. “ரொம்பத் தூரத்துலதான வருது” என்று இறங்குகிறார். அவர் பார்த்தது தூரத்தை. வேகத்தை அவரால் பார்க்க முடியாது, நம் யாராலும் அவ்வளவு எளிதில் முடியாது. லாரி வந்தால் அதன் உருவம் கண்முன்னே பெரிதாகிக்கொண்டே வருவதை வைத்து மூளை வேகத்தை ஊகிக்கிறது. பைக்கோ முன்னாலிருந்து பார்த்தால் ஒரு கோடு. பெரிதாவது தெரியாது, அருகில் வந்த பிறகுதான் தெரியும். இரவில் இன்னும் மோசம். ஒற்றை விளக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே பிடிபடாது.

ஓட்டுகிறவர் பக்கமும் கணக்கு இப்படித்தான். பாட்டி கண்ணில் பட்டு, பிரேக்கில் கையும் காலும் பதிய ஒன்றரை விநாடி ஆகும். 40-இல் அதற்குள் 17 மீட்டர் போயிருக்கும். பிறகு வண்டி நிற்க நல்ல தாரில் சுமார் 10 மீட்டர். மொத்தம் 27. வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். 80-இல் 33 மீட்டரும் 41 மீட்டரும் சேர்ந்து 74. ஓரத்து மணல் தாரில் பரவிக் கிடந்தால் இந்தக் கணக்கும் செல்லாது. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கமோ ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தின் முன்னாலோ நின்று பாருங்கள், ஆள் குறுக்கே வராத 74 மீட்டர் எங்காவது இருக்கிறதா என்று.

2023 செப்டம்பர் 17 அன்று, காஞ்சிபுரம் மாவட்டம் தாமல் அருகே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் யூடியூபர் டி.டி.எஃப். வாசன் பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கப் போய் விழுந்தார். கை முறிந்தது. இரண்டு நாளில் கைதானார். உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் மனு வந்தபோது, விலையுயர்ந்த பாதுகாப்பு உடை அணிந்திருந்ததால்தான் அவர் உயிர் தப்பினார், அவரைப் பார்த்துப் பல இளைஞர்கள் இப்படி ஓட்டுகிறார்கள் என்று காவல் துறை வாதிட்டது. நீதிபதி சி.வி. கார்த்திகேயன் ஜாமீன் தர மறுத்து, யூடியூப் சேனலை மூடிவிட்டு வண்டியை எரித்துவிடலாம் என்று கடிந்துகொண்டார். ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுக்கு ரத்தானது. நவம்பர் 1 அன்றுதான் ஜாமீன் கிடைத்தது. அந்த வழக்கில் எல்லாரும் பேசியது பைக்கின் விலையையும் உடையின் விலையையும். அந்த நேரத்தில் அந்த இடத்தில் வேறு ஒருவர் நடந்துபோகாதது தற்செயல். உடை யாரைக் காப்பாற்றியது என்பதுதான் ராஜபாளையத்து இளைஞர்கள் அந்தச் சம்பவத்தில் கவனிக்கவேண்டியது. பஞ்சாலையிலிருந்து வீடு திரும்பும் பெண்ணின் மேல் இருப்பது ஒரு நூல் சேலை.

அதற்கு முந்தைய ஆண்டு, சென்னையில் பைக் சாகசம் செய்து வழக்கில் சிக்கிய ஒரு வாலிபருக்கு முன்ஜாமீன் கொடுத்தபோது, உயர் நீதிமன்றம் வேறு வகையாக யோசித்தது. தேனாம்பேட்டை சிக்னலில் நின்று விழிப்புணர்வுத் துண்டறிக்கை கொடுக்கவேண்டும்; ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் உதவி செய்யவேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அபராதத்தைவிட இது நல்ல தண்டனை. அந்த வார்டில் ஒரு காலை நேரம் நின்றால், மோதியவனும் மோதப்பட்டவரும் அடுத்தடுத்த கட்டிலில் கிடப்பதைப் பார்க்கலாம்.

மோதப்பட்டவருக்கு என்ன ஆகிறது? பைக்கின் முன்சக்கரமும் பம்பர் கம்பியும் முதலில் அடிப்பது முழங்காலுக்குக் கீழே. எலும்பு உடைந்து தோலைக் கிழித்து வெளியே வந்தால், சாலையின் மண் உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும், மாதக்கணக்கில் படுக்கை. பிறகு ஆள் தூக்கி எறியப்பட்டுத் தலை தரையில் மோதும். வயதானவர் பக்கவாட்டில் விழுந்தால் இடுப்பு எலும்பு முறிகிறது. இப்படி முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறந்துபோகிறார்கள் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் கண்டது. அந்தச் சாவு விபத்துச் சாவாக யார் நினைவிலும் நிற்காது. படுத்த படுக்கையாகி, சளி கட்டி, போய்ச் சேர்ந்தார் என்று முடிந்துவிடும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு. பலத்த தலைக்காயம் என்றால் மதுரைக்கு எடுத்துப் போகவேண்டி வரும். அது 75, 85 கிலோமீட்டர். முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். காசில்லையே என்று யாரும் தயங்கி நிற்கவேண்டாம்.

விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் விருதுநகரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. சாலையில் ஒரு நொடியில் நடந்ததற்கு வருடக்கணக்கில் விலை பேசப்படும் இடம் அது. கவனக்குறைவால் சாவு ஏற்படுத்தியவருக்குப் பழைய தண்டனைச் சட்டத்தில் அதிகபட்சம் 2 ஆண்டுச் சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு அதை 5 ஆண்டாக்கியது. அது குற்ற வழக்கு. இழந்த குடும்பம் நம்பியிருப்பது இன்னொரு வழக்கை, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்கை.

அங்கே ஒரு உயிரின் மதிப்பை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. 2009-இல் சர்லா வர்மா வழக்கிலும் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை இது. ஒரு கற்பனைக் கணக்கு: 47 வயதுப் பஞ்சாலைப் பெண், மாதம் 12,000 ரூபாய் சம்பளம், கணவரும் இரண்டு பிள்ளைகளும் அவரை நம்பியிருக்கிறார்கள். ஆண்டுக்கு 1,44,000. இனி உயரக்கூடிய வருமானத்துக்காக 25 சதவீதம் கூட்டினால் 1,80,000. அவர் தனக்கென்று செலவிட்டிருப்பார் என்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 1,20,000. அந்த வயதுக்குரிய பெருக்கல் எண் 13. ஆக 15,60,000 ரூபாய். ஈமச் செலவு, துணையை இழந்ததற்கு என்று சில தொகைகள் இதற்கு மேல். வீட்டில் இருந்த பெண் என்றால் வருமானம் சுழியம் என்று எழுதிவிட முடியாது. வீட்டுவேலைக்கும் மதிப்புண்டு என்று 2021-இல் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிழைத்தவருக்கும் இழப்பீடு உண்டு. கால் ஊனத்தின் சதவீதத்தை மட்டும் பார்க்காமல், அந்தக் காலை வைத்து அவர் என்ன வேலை செய்தார் என்று பார்க்கவேண்டும் என்பது 2010-ஆம் ஆண்டு ராஜ்குமார் வழக்கின் தீர்ப்பு. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கு முன் எட்டு மணி நேரம் நின்றவருக்கு, நிற்க முடியாமல் போனால் பிழைப்பே போயிற்று.

தீர்ப்புத் தொகையை யார் தருவார்? வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி. ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்றாலும், பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்று 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் முடிவானது. ஆகவே அப்பாவின் பெயரில் உள்ள பைக்கைப் பதினாறு வயது மகன் ஓட்டி இடித்தால், கம்பெனி கட்டிய 15 லட்சத்துக்கான நோட்டீஸ் அப்பாவின் வீட்டுக் கதவைத் தட்டும். சிறுவன் ஓட்டிய குற்றத்துக்கென்றே 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் தனியாக ஒரு பிரிவு வைத்திருக்கிறது: பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

இன்சூரன்ஸே இல்லாவிட்டால் முழுத் தொகையும் உரிமையாளர் தலையில். அவரிடம் பணம் இல்லையென்றால் இழந்த குடும்பத்தின் கையில் மிஞ்சுவது தீர்ப்பு நகல். நாட்டில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் இன்சூரன்ஸ் இல்லாதவை என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே கவலைப்பட்டிருக்கிறது. இதைச் சரிசெய்ய நடந்த பெரிய முயற்சிக்குப் பின்னால் ஒரு தமிழ் மருத்துவர் இருக்கிறார். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கால்தான், நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அதே வழக்கில்தான், 2018 செப்டம்பர் 1 முதல் விற்கும் ஒவ்வொரு புது பைக்குக்கும் ஐந்தாண்டு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம் என்ற உத்தரவு வந்தது.

மோதிவிட்டு நிற்காமல் போன பைக்கின் நம்பர் தெரியவில்லை என்றாலும் வழி இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் என்று மத்திய அரசுத் திட்டம் ஒன்று உண்டு. இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் காவல் நிலையத்தோடு திரும்பிவிடுகின்றன. இழப்பீட்டு மனுவுக்குச் சட்டம் வைத்திருக்கும் கெடு 6 மாதம். காரியம் முடியட்டும், கட்டுப் பிரிக்கட்டும் என்று காத்திராமல் எஃப்.ஐ.ஆர். நகலையும் மருத்துவமனைச் சீட்டுகளையும் பத்திரப்படுத்தி உடனே வக்கீலைப் பார்ப்பது நல்லது.

திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் தெற்கு வெங்காநல்லூர் வரை இந்தச் சாலையை நான்குவழியாக்கும் திட்டம் நடக்கிறது. லாரிகள் ஊருக்குள் வருவது குறையும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானது. ஆனால் சாலை விரிந்தால் கடக்கவேண்டிய தூரமும் கூடும், பைக்கின் வேகமும் கூடும். விலக்கு ஒவ்வொன்றிலும் விளக்கும், நடப்பவர் கடக்க இடமும் கேட்டு வாங்கவேண்டியது அந்தந்த ஊர்க்காரர்களின் வேலை. வேலை முடிந்து போன பிறகு கேட்டால் கிடைக்காது.

வீட்டில் பைக் வைத்திருப்பவர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. லைசென்ஸ் இல்லாத பிள்ளையிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்; அவன் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் சரி. கையோடு எம்பரிவாகன் செயலியில் உங்கள் வண்டி நம்பரைப் போட்டு இன்சூரன்ஸ் தேதியைப் பாருங்கள். 2019-இல் ஐந்தாண்டு பாலிசியோடு வாங்கிய பைக்குக்கு 2024-லேயே காலம் முடிந்துவிட்டது.