கதிரவன் வெப்பமும் மோட்டார் எஞ்சினும்

காலையில் மோட்டார் வண்டியின் எஞ்சினை முதலில் சூடேற்றிவிட்டுப் பின்னரே கிளப்ப வேண்டும் என்று சொன்னால், திருவனந்தபுரத்தில் வாழும் தமிழருக்கு வியப்பாகவே இருக்கும். இந்நகரில் மார்கழி விடியலிலும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆயினும் சாலைக் கடைத்தெருவில் வாணிகம் செய்யும் ஒருவருடைய தம்பி சிம்லாவில் அலுவல் பார்க்கலாம். மகன் லேயில் இராணுவப் பணியில் இருக்கலாம். அவர்களுக்கு இது அன்றாடக் கவலை. லே நகரில் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை சுழிக்குக் கீழே 20 டிகிரி வரையும் இறங்குவதுண்டு. வெயிலோ அங்கும் பகலில் தாராளமாகக் காய்கிறது. அந்த வெயிலைக் கொண்டு எஞ்சினை வெதுவெதுப்பாக்க இயலுமா என்பதை இங்கே ஆராய்வோம்.

குளிர்ந்த எஞ்சினுக்கு வரும் இடையூறுகள் பல. மசகு எண்ணெய் பாகுபோல் தடித்துவிடுகிறது. உராயும் உறுப்புகளை அது சென்றடையுமுன் தேய்மானம் நேர்கிறது. பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலின் வழக்கத்தினும் மிகுதியாக அதைச் செலுத்த வேண்டியிருக்கிறது. பாட்டரியின் வலிமையும் குன்றுகிறது. டீசல் எஞ்சினின் நிலை இன்னும் கடினம். அதில் தீப்பொறி இல்லை. காற்றை அழுத்துவதால் பிறக்கும் சூட்டிலேயே எண்ணெய் எரிய வேண்டும். அச்சூட்டைக் குளிர்ந்த இரும்பு உறிஞ்சிக் கொள்கிறது. கடுங்குளிரில் சாதாரண டீசலில் உள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைத்தும் விடும்.

இதற்கு மனிதர் கண்ட வழிகளும் பலவே. மலைநாட்டு லாரி ஓட்டுநர்கள் எண்ணெய்த் தொட்டியின் அடியில் தீ மூட்டுவதுண்டு. அது உயிரோடு விளையாடும் வழி. அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர், எஞ்சினுக்குள் பொருத்தும் மின் சூடேற்றிக்கு 1949-இல் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம், சுழிக்குக் கீழே 33 டிகிரி வரை இறுகாத குளிர்கால டீசலை லடாக்கிற்கென 2019-இல் அறிமுகப்படுத்தியது.

இனி வெயிலின் வழியைக் காண்போம். 1767-இல் சுவிட்சர்லாந்து அறிஞர் சோசூர், கண்ணாடி மூடிய பெட்டியை வெயிலில் வைத்து, அதனுள் வெப்பம் மிகுவதைச் சோதித்துக் காட்டினார். ஒளி கண்ணாடியினூடே புகுகிறது. கறுப்புப் பரப்பில் பட்டு வெப்பமாகிறது. அவ்வெப்பம் கண்ணாடியைக் கடந்து எளிதில் வெளியேறுவதில்லை. வீட்டு மாடிகளில் உள்ள வெந்நீர்க் கருவி இந்தத் தத்துவத்தில் அமைந்ததே. வெயிலில் மூடி நிறுத்திய கார் அடுப்பாவதும் இதனாலேயே.

தேவை எவ்வளவு? ஒரு சிறு காரின் எஞ்சின், அதன் எண்ணெய், குளிர்நீர் ஆகிய எல்லாவற்றையும் ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 20 கிலோகலோரி வேண்டும் என்று கொள்வோம். சுழியிலிருந்து 40 டிகிரிக்கு உயர்த்த 800 கிலோகலோரி ஆகும். அதாவது ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரத்திற்குச் சமம். தெளிந்த நாளில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் 5 யூனிட் அளவு வெயில் விழுகிறது. அதில் பாதியைப் பிடித்தாலே போதுமானதற்கும் மேலாகும்.

ஆனால் இடையூறு அளவில் இல்லை, காலத்தில் இருக்கிறது. வெயில் பகலில் கிடைக்கிறது. எஞ்சினுக்கோ விடியலில் தேவைப்படுகிறது. பகலில் காய்ந்த எஞ்சின் இரவில் ஆறிவிடும். ஆகவே வெப்பத்தைச் சேமித்து வைப்பதே இதன் உயிர்நிலை.

சேமிப்பதற்கு எளிய பொருள் நீர். 80 டிகிரி சூடுள்ள 20 லிட்டர் நீர் 40 டிகிரிக்கு ஆறும்போது அந்த 800 கிலோகலோரியையும் தந்துவிடும். இரவில் வீணாகும் பங்கிற்காக இன்னும் சில லிட்டர் கூட்டிக்கொள்ளலாம். பாத்திரத்திற்கு நல்ல வெப்பக்காப்பு வேண்டும். டொயோட்டா நிறுவனம் 2004-ஆம் ஆண்டின் பிரியஸ் காரில், சூடான குளிர்நீரில் சுமார் 3 லிட்டரைத் தெர்மாஸ் குடுவை போன்ற கலத்தில் சேமித்து, மறுமுறை கிளப்பும்போது எஞ்சினுக்கே திருப்பி அனுப்பியது. அது எஞ்சினின் சொந்த வெப்பமே எனினும், சேமிப்பின் தத்துவம் ஒன்றே.

உருகும் உப்புகளும் உண்டு. கிளாபர் உப்பு 32 டிகிரியில் உருகும்போது, ஒரு கிலோ நீரை 60 டிகிரி சூடேற்றப் போதுமான வெப்பத்தைத் தன்னுள் ஏற்கிறது; உறையும்போது அதைத் திருப்பித் தருகிறது. மரியா டெல்கிஸ் அம்மையார் 1948-இல் அமெரிக்காவின் டோவர் நகரில் இம்முறையால் ஒரு வீட்டையே வெப்பப்படுத்தினார். ஆனால் உப்பு நாளடைவில் அடுக்கடுக்காகப் பிரிந்துபோனதால், சில குளிர்காலங்களோடு அந்த முயற்சி நின்றது.

வெயிலை மின்சாரமாக்கும் வழியும் இன்று எளிதாகியிருக்கிறது. திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், சூரிய மின்தகடும் லிதியம் அயனி மின்கலமும் பொருத்திய காரை 2017-இல் ஓட்டிக் காட்டியது. ஒரு சதுர மீட்டர் மின்தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் தரும். மேற்கண்ட தேவைக்கு அது ஒருவாறு சரியாகும். தனி வீட்டுக்காரருக்கு மின் சூடேற்றியே வசதி. எந்நேரமும் புறப்பட ஆயத்தமாக ஒரே கொட்டகையில் நிற்க வேண்டிய மலையூர் மருத்துவமனை ஆம்புலன்சு போன்ற வண்டிகளுக்கு வெந்நீர்த் தொட்டி மிகவும் ஏற்றது. அங்கே சில நிமிடத் தாமதமும் ஓர் உயிரின் விலையாகலாம். குழாய்களில் வெறும் நீர் உறைந்தால் அவை வெடிக்கும். ஆதலின் உறையாத் திரவம் கலப்பது இன்றியமையாதது.

செலவின்றிச் செய்யக்கூடியவையும் உள. இரவில் வண்டியைக் கிழக்கு நோக்கி நிறுத்தினால் காலைக் கதிர் எஞ்சின் மூடியின் மேல் விழும். கிளப்பிய பின் நெடுநேரம் நின்றபடியே ஓட விடாமல், அரை நிமிடம் கழித்து மெல்லச் செலுத்துவது நலம். எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று: குளிருக்கு அஞ்சிக் கதவடைத்த கொட்டகையில் எஞ்சினை ஓட விடலாகாது. குளிர்ந்த எஞ்சின் கார்பன் மோனாக்சைடை மிகுதியாக வெளிவிடும். நிறமும் மணமும் அற்ற அந்த நச்சுவாயு, உள்ளிருப்பவர் உணருமுன்பே உயிரைப் பறித்துவிடும். குளிர்நாட்டில் வாழும் உங்கள் உறவினருக்கு எழுதும் அடுத்த கடிதத்தில் இந்த ஒன்றையேனும் மறவாது எழுதுங்கள்.